தோட்டத்திலிருந்து காட்டுக்குள் போகும் அழகுச் செடிகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கான கேள்வி-பதில்

தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் காட்டை ஒட்டி வீடு கட்டியவர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், ஓசூர் நர்சரிகளில் செடி வாங்குபவர்கள் இவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

வீட்டில் அழகுக்கு வைத்த செடி காட்டுக்குள் எப்படிப் போகும்?

பல வழிகள் உண்டு. பழம் பழுக்கும் செடியாக இருந்தால் பறவைகள் கொண்டுபோகும். கொண்டைக்குருவியும் மைனாவும் உங்கள் வேலியில் பழம் தின்றுவிட்டு, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு உசிலை மரத்தில் உட்கார்ந்து எச்சமிடும். அந்த மரத்தடியில் செடி முளைக்கும். டெக்கோமா மாதிரி செடிகளின் விதைக்கு மெல்லிய சிறகு இருக்கிறது, காற்றடித்தால் போதும். ஓடையில் விழுந்த விதையும் தண்டும் அடுத்த மழையில் சின்னாற்றுக்குப் போய், அங்கிருந்து காவிரிக் கரைக்குப் போய்விடும்.

இதைவிட முக்கியமான வழி நாமேதான். தோட்டத்தில் வெட்டிய கிளை, பிடுங்கிய கொடி, பழைய தொட்டி மண் எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக் காட்டோரப் பள்ளத்தில் கொட்டிவிட்டு வருவது இந்தப் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. கணுவில் வேர் விடும் செடிக்கு அந்தக் குவியல் நாற்றங்கால் மாதிரி. ஜேசிபியில் அள்ளி லோடு அடிக்கும் மண்ணிலும் விதை ஏராளமாகப் பயணிக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வந்த செடி எல்லாமே கெட்டதா?

இல்லவே இல்லை. மிளகாய், தக்காளி, வேர்க்கடலை, கொய்யா எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சாலையோரம் கோடையில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் குல்மோகர் மடகாஸ்கர் மரம். அது நட்ட இடத்தில் நிற்கிறது, நம் காட்டை மூடவில்லை.

மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் நிலையில் செடி தோட்டத்தைவிட்டு வெளியே அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைக்கும், ஆனால் நிலைக்காது. இரண்டாவது நிலையில் மனிதர் உதவி இல்லாமலே தலைமுறை தலைமுறையாகப் பெருகி ஊரில் ஒன்றாகிவிடும். நித்தியகல்யாணி இதற்கு நல்ல உதாரணம். அதுவும் மடகாஸ்கர்க்காரிதான், கோயில் ஓரத்திலும் சுடுகாட்டிலும் தானாகவே முளைத்துப் பூக்கிறது, யாருக்கும் தொல்லை இல்லை. அதோடு ரத்தப் புற்றுநோய்க்கான மருந்தும் அதிலிருந்து எடுக்கிறார்கள். மூன்றாவது நிலைதான் ஆக்கிரமிப்பு: அங்கிருந்த புல்லையும் கன்றையும் முளைக்கவிடாமல் இடத்தையே பிடித்துக்கொள்வது.

உள்ளே வரும் செடிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று வெளியே தப்பும், தப்பியதில் பத்தில் ஒன்று நிலைக்கும், நிலைத்ததில் பத்தில் ஒன்று தொல்லையாகும் என்று தாவர ஆய்வாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படி ஆயிரத்தில் ஒன்றுதான் தொல்லை என்றாலும், அந்த ஒன்று என்ன செய்யும் என்று பார்க்க அஞ்செட்டி சாலையில் ஒருமுறை போய் வந்தாலே போதும்.

அங்கே சாலையின் இரண்டு பக்கமும் புதராக நிற்பது என்ன?

பெரும்பாலும் உண்ணிச்செடி. லண்டானா என்றும் சொல்வார்கள். ஒரே கொத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும், கசக்கினால் ஒரு காரமான வாடை, தண்டில் வளைந்த சிறு முள், பழுத்தால் கருநீலப் பழம். மேலகிரி மலைத்தொடர், ஜவளகிரி, உரிகம், ஒகேனக்கல் பக்கம், சித்தேரி மலை என்று இரண்டு மாவட்டத்திலும் இதைப் பார்க்காமல் காட்டில் நடக்க முடியாது.

இது அமெரிக்க வெப்பமண்டலச் செடி. டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தோட்டக்காரர்கள் பல வகைகளை ஒன்றோடொன்று கலந்து, புதுப்புது நிறத்தில் பூக்கும் ரகங்களை உருவாக்கினார்கள். 1809-ல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. அங்கிருந்து கண்டோன்மென்ட் பங்களா வேலி, தேயிலை காப்பித் தோட்டத்து வேலி என்று பரவி, பிறகு வேலியைத் தாண்டியது. இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில் இது ஊடுருவியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதைத் தேடிப்பிடித்து உலகம் முழுக்க நட்டது பூவுக்காகத்தான். காட்டுக்குள் நிற்பவை அந்தத் தோட்டக் கலப்பினங்களின் வாரிசுகள். அதனால்தான் எந்த மண்ணிலும் எந்த வெயிலிலும் அவற்றில் ஏதாவது ஒன்று தாக்குப்பிடித்துவிடுகிறது.

இருந்தால் என்ன? காடு பச்சையாகத்தானே இருக்கிறது?

பச்சையாக இருப்பது உண்மை, ஆனால் அந்தப் பச்சையைத் தின்ன ஆளில்லை.

நம்முடையது வறண்ட இலையுதிர் காடும் முட்புதர்க் காடும். ஆச்சா, வெக்காலி, உசிலை, சந்தனம், வேங்கை போன்ற மரங்கள் நெருக்கமில்லாமல் நிற்கும். இடையே வெயில் தரையில் விழும். அந்த வெயிலில் புல் வளரும். மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் அந்தப் புல்தான் சாப்பாடு. உண்ணி வந்து ஆள் உயரத்துக்கு மூடியபின் தரையில் வெயில் விழாது, புல் போய்விடும். மரங்களின் கன்றும் எழுவதில்லை. இன்று நிற்கும் வயதான ஆச்சா மரம் விழுந்தால், அந்த இடத்தில் அடுத்த ஆச்சா இருக்காது. இது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருபது முப்பது ஆண்டுகளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

அப்புறம் தீ. மாசி, பங்குனியில் உண்ணித் தண்டு காய்ந்து விறகாக நிற்கும். மரத்தைப் பிடித்து மேலே ஏறியிருக்கும் புதர் என்றால், தரையோடு போயிருக்க வேண்டிய தீ உச்சிக் கிளைவரை ஏறிவிடும். எரிந்தபின் முதலில் தழைப்பதும் உண்ணிதான், ஏனென்றால் அதன் வேர்க்கட்டை உயிரோடு இருக்கும்.

யானை ஊருக்குள் வருவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். பன்னேர்கட்டாவிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருவது பழைய வழக்கம். அந்தச் சமயத்தில் ராகி முற்றி நிற்கும். ஆனால் காட்டுக்குள் மேய்ச்சல் குறைந்து, நடக்கும் தடமும் புதரால் அடைபட்டால், யானைக்கு வயல் இன்னும் வசதியான இடமாகிவிடுகிறது. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-ல் சுமார் 504 சதுர கிலோமீட்டருக்கும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-ல் சுமார் 686 சதுர கிலோமீட்டருக்கும் அறிவிக்கப்பட்டன. பரப்பு இருக்கிறது. அதற்குள் தின்னத் தக்க புல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

உண்ணிப்பூவில் பட்டாம்பூச்சி நிறைய வருகிறதே, பறவைகளும் பழம் தின்கின்றனவே?

வருவது உண்மைதான். சில பறவைகள் அந்தப் புதரில் கூடும் கட்டும். அதனால்தான் ஒரே வீச்சில் மலை முழுக்க வழித்தெடுப்பதை யாரும் பரிந்துரைப்பதில்லை. துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் நம் செடிகளைக் கொண்டுவந்து, பிறகு அடுத்த துண்டுக்குப் போவது நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டாம்பூச்சி தேன் குடிக்க உண்ணிக்கு வரும். பெரும்பாலானவை முட்டை வைக்க வேறு செடியைத் தேடிப் போகும். புழு தின்னும் இலை எருக்கிலும் கறிவேப்பிலையிலும் ஆவாரையிலும் இருக்கிறது. அவை இல்லாமல் உண்ணி மட்டும் இருக்கும் காட்டில் அடுத்த தலைமுறைப் பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்?

ஆடு மாடு உண்ணி தின்றால் என்ன ஆகும்?

பொதுவாக அவை தொடாது. வறட்சியில் வேறு தீவனம் இல்லாதபோதும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கிவந்த மாடும்தான் தின்னும். அதிலுள்ள நச்சு கல்லீரலைத் தாக்குகிறது. தீனி எடுக்காது, சாணம் இறுகும், கண்ணும் ஈறும் மஞ்சளாகும். வெயில் பட்ட இடத்தில், குறிப்பாக வெள்ளைத் தோலில், புண் வைக்கும். இந்த அறிகுறி தெரிந்தால் உடனே நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தாமதிக்க வேண்டாம். பச்சைக் காயும் நச்சுதான். பழுத்ததைக் கிராமத்துப் பிள்ளைகள் பறித்துத் தின்பது வழக்கம் என்றாலும், காயையும் சேர்த்து வாயில் போட்டுவிடுவார்கள் என்பதால் பழக்காமல் இருப்பதே நல்லது.

மஞ்சள் கொன்றை என்று ஒன்றைச் சொல்கிறார்களே, அது நம் சரக்கொன்றை இல்லையா?

இல்லை, இரண்டும் வேறு. இதில் குழம்பி நல்ல மரத்தை வெட்டிவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சரக்கொன்றை நம் மரம். சித்திரையில் இலை உதிர்த்துவிட்டு, பூ சரம் சரமாகக் கீழே தொங்கும். இலையில் நான்கு முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்குப் பெரியது. காய் முழங்கை நீளத்துக்குக் கருப்புக் குழாயாகத் தொங்கும்.

மஞ்சள் கொன்றை அமெரிக்க வெப்பமண்டல மரம். அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுவந்தது. பூங்கொத்து தொங்காமல் கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும், பூப்பதும் பெரும்பாலும் மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும். சிற்றிலைகள் சிறியவை, நுனி கூரானவை, பத்து ஜோடிக்கு மேல்கூட இருக்கும். நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் இது பெரிய பரப்பைப் பிடித்துவிட்டது. வெட்டினால் அடிமரத்திலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் தழைக்கும். வெறுமனே வெட்டிவிட்டு வருவது அதற்கு உரம் போட்ட மாதிரி. கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவதுதான் சுலபமான வழி. மரமான பிறகு அடிப்பட்டையை ஒரு ஆள் நெஞ்சு உயரத்துக்கு முழுதாக உரித்துக் காயவிடுவது, வேரோடு தோண்டுவது என்று செலவு பிடிக்கும் வேலையாகிவிடும்.

நம் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் மனைப்பிரிவுகளிலும் இதை யாராவது நட்டுக் கொடுத்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். சத்தியமங்கலத்தில் நடந்ததைப் பார்த்தபிறகும் அதே மரத்தை அஞ்செட்டி ஓரத்தில் நடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆவாரைக்கும் பூ மஞ்சள்தானே?

ஆவாரை நம் செடி. குட்டையான புதர், காய் தட்டையாகக் காகிதம் மாதிரி இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

இப்போதே கண்காணிக்க வேண்டிய அழகுச் செடிகள் எவை?

முதலில் டெக்கோமா. மணி மாதிரி மஞ்சள் பூ, பல்விளிம்பு இலை, நீளமான மெல்லிய காய். வீட்டு வாசலிலும் பள்ளி வளாகத்திலும் நிறைய வைக்கிறார்கள். வறட்சி தாங்கும், பாறை இடுக்கிலும் முளைக்கும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதைக் களையாகவே அறிவித்திருக்கிறார்கள். நம் பாறைக் குன்றுகளுக்கும் தென்னாப்பிரிக்க வறண்ட மலைகளுக்கும் தட்பவெப்பத்தில் பெரிய தூரமில்லை.

அடுத்து வெடிலியா. தரையோடு படர்ந்து, சின்னச் சூரியகாந்தி மாதிரி மஞ்சள் பூ பூப்பது. சாலை நடுத்திட்டிலும் லேஅவுட் பூங்காவிலும் புல்லுக்குப் பதிலாக நடுகிறார்கள். கணுவுக்குக் கணு வேர் விடும் என்பதால் வெட்டி எறிந்த ஒரு விரல் நீளத் தண்டும் செடியாகிவிடும். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் வெளியிட்ட பட்டியலில் உண்ணியும் ஆகாயத்தாமரையும் இருக்கின்றன. இந்த வெடிலியாவும் இருக்கிறது. ஈரமான ஓடைக்கரைதான் இதற்குப் பிடித்த இடம். சாம்பல் நிற மலை அணில் வாழும் ஆற்றோர மருதமரக் காடுகளுக்குள் இது போய்விடக் கூடாது.

கொடி ரோஜா மெக்சிகோக் கொடி. இளஞ்சிவப்புப் பூங்கொத்தோடு பந்தல் முழுக்க மூடும், பார்க்க உண்மையிலேயே அழகு. மண்ணுக்குள் கிழங்கு வைக்கும். மேலே வெட்டினால் மீண்டும் வரும். துரந்தா வேலிச்செடியின் ஆரஞ்சு மணிப் பழங்களைப் பறவைகள் விரும்பித் தின்னும், மனிதருக்கு நச்சு.

பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் இதே கதையா?

விளைவு ஒன்று, வந்த வழி வேறு. பார்த்தீனியத்தை யாரும் ஆசைப்பட்டு நடவில்லை. தானியத்தோடு கலந்து வந்தது, 1950-களில் பூனாவில் கண்டுபிடித்தார்கள். சீமைக் கருவேலத்தை விறகுக்காகவும் வறண்ட நிலத்துக்காகவும் நட்டார்கள். இந்தப் பக்கத்தில் அழகுச் செடிகளை மட்டும் பேசுவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏரியில் மிதக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்கு வந்ததா?

ஆமாம். தென்னமெரிக்கச் செடி, ஊதா நிறப் பூவுக்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. சாக்கடை கலந்த தண்ணீரில் உரச்சத்து அதிகம் என்பதால் அங்கே கொழுத்து வளரும். தென்பெண்ணையில் மேலிருந்து வரும் கழிவைக் குறைக்காமல் கெலவரப்பள்ளி அணையிலோ கீழே உள்ள ஏரிகளிலோ செடியை மட்டும் அள்ளிக்கொண்டே இருப்பது முடிவில்லாத வேலை. வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பெருத்துப்போனதை ஏரியில் விடாமல் வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.

ஏரிக்கரையில் ஊதாப் புனல் பூவோடு நிற்கும் நெய்வேலி காட்டாமணக்கும் வேலிக்கும் அழகுக்கும் வைத்ததுதான். ஆடு அதைத் தொடர்ந்து தின்றால் நரம்பு பாதிக்கப்பட்டுத் தள்ளாடும்.

நர்சரியில் வாங்கும்போது எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். நர்சரியில் ஒரு செடியைப் புகழ்ந்து என்ன சொல்வார்கள்? "தண்ணியே வேண்டாம் சார். ஆடு மாடு கடிக்காது. பூச்சி வராது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஒரு குச்சி நட்டால் போதும்." வாங்குபவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் நம் காட்டில் ஒரு செடியைக் கட்டுக்குள் வைப்பவை எவை என்று யோசியுங்கள்: வறட்சி, மேய்ச்சல், பூச்சி, தீ. இந்த நான்கும் ஒன்றும் செய்யாத செடியைத்தான் நாம் பணம் கொடுத்துத் தேடி வாங்குகிறோம்.

ஆகவே இந்தக் குணங்களைக் கேட்டதும் கூடவே சில கேள்விகள் கேளுங்கள். பழம் பழுக்குமா, அதைப் பறவை தின்னுமா? விதை பஞ்சு மாதிரியோ சிறகோடோ பறக்குமா? வெட்டி எறிந்த தண்டு வேர் பிடிக்குமா? தாய்ச்செடிக்குக் கீழே நாற்று தானாக முளைத்துக் கிடக்கிறதா? கடைசிக் கேள்விக்கு நர்சரிக்காரரைக் கேட்கக்கூட வேண்டாம், குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டுக்கு மேல் 'ஆமாம்' வந்தால், காட்டிலிருந்தோ ஓடையிலிருந்தோ நடக்கும் தூரத்தில் இருப்பவர்கள் அந்தச் செடியை வாங்க வேண்டாம்.

ஓசூரில் பாலிஹவுஸ் போட்டு வளர்க்கும் ரோஜாவும் ஜெர்பராவும் பற்றிக் கவலை வேண்டாம். மருந்தும் சொட்டுநீரும் நின்றால் அவை நம் காட்டு வெயிலில் தாங்காது. செம்பருத்தி, குரோட்டன்ஸ், காகிதப்பூ, நெடுஞ்சாலை நடுவே நிற்கும் அரளி இவையும் இங்கே காட்டைப் பிடித்ததில்லை.

குட்டை ரக லண்டானா, விதை வைக்காத மலட்டு ரகம் என்று விற்கிறார்களே, அது பரவாயில்லையா?

வேண்டாம். மலடு என்று விற்கும் பல ரகங்கள் காய் வைக்காவிட்டாலும் மகரந்தம் கொடுக்கும். அந்த மகரந்தம் பக்கத்தில் உள்ள காட்டு உண்ணிக்குப் போய்ச் சேர்ந்தால் புதுக் கலப்பு உருவாகும். ஏற்கெனவே கலப்பினமாக இருப்பதால்தான் அதை அடக்க முடியவில்லை என்று மேலே சொன்னேன். இன்னும் கலப்பைச் சேர்ப்பது யாருக்கும் நல்லதில்லை.

எங்கள் வீட்டில் இதில் ஒன்று பல வருடமாக இருக்கிறது, பரவவே இல்லை. பிடுங்கத்தான் வேண்டுமா?

பல வருடம் சும்மா இருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பல ஆக்கிரமிப்புச் செடிகள் வந்து பத்து, ஐம்பது ஆண்டு அடங்கி இருந்துவிட்டுப் பிறகுதான் கிளம்பியிருக்கின்றன. எண்ணிக்கை ஓரளவு சேர வேண்டும், விதை பரப்பும் பறவை பழக வேண்டும், பக்கத்து நிலம் கலைய வேண்டும். அதுவரை அமைதியாக இருக்கும்.

ஊருக்கு நடுவே இருந்தால், பூ முடிந்ததும் காய் பிடிக்கும் முன் கத்தரித்துவிடுங்கள், வெட்டியதை வெளியே கொட்டாதீர்கள். இப்போதைக்கு அது போதும். காட்டோரம் என்றால் எடுத்துவிடுவதே சரி. ஆசையாக வளர்த்ததைப் பிடுங்க மனசு வராது என்று எனக்குத் தெரியும். மாற்றுச் செடியை முதலில் நட்டு, அது பிடித்தபின் பழையதை எடுங்கள்.

எங்கள் பட்டா நிலத்தில் உண்ணி மண்டிக் கிடக்கிறது. எப்படி ஒழிப்பது?

வெட்டினால் தழைக்கும், கொளுத்தினாலும் தழைக்கும். பலன் தந்த முறை ஒன்று டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் சொன்னது. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில், மண்வெட்டியாலோ கடப்பாரையாலோ ஆணிவேரைத் துண்டிக்க வேண்டும். துளிர்க்கும் மொட்டுகள் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே மிஞ்சும் வேர் தழைப்பதில்லை. பிறகு புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். இந்த முறையில் தோண்டுவது குறைவு, மண்ணும் அதிகம் கலையாது. மண் கலைந்தால் புதைந்து கிடக்கும் விதை மேலே வந்து முளைக்கும். ஜேசிபியை விட்டு வழித்தால் நடப்பது அதுதான்.

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, செடியில் பழுத்த பழம் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். கையுறை போடுங்கள், புதருக்குள் பாம்பு இருக்கும், முதலில் கழியால் தட்டிப் பாருங்கள்.

ஒருமுறை எடுத்துவிட்டுப் போனால் வேலை பாழ். அடுத்த இரண்டு மூன்று மழைக்கும் வந்து நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். குறிப்பாகத் தனி மரங்களுக்கு அடியில் பாருங்கள், பறவை எச்சத்தில் முளைப்பது அங்கேதான். காலியான இடத்தில் உடனே நம் புல் விதையைத் தூவுங்கள், புங்கன், வேம்பு, உசிலைக் கன்றுகளை வையுங்கள். வெறுமனே விட்டால் உண்ணி போன இடத்தில் பார்த்தீனியம் வரும்.

காட்டுக்குள் நாங்களே குழுவாகப் போய் எடுக்கலாமா?

அனுமதி இல்லாமல் கூடாது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் எந்தச் செடியை வெட்டினாலும் குற்றம்தான். வனத்துறை ரேஞ்ச் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்தப் பணியைத் தொடர்ந்து கண்காணித்து உத்தரவுகள் போட்டிருக்கிறது. அதே 2022-ல் திருத்தப்பட்ட மத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் பரவலையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் கேட்பது புதிய விஷயம் அல்ல.

பூச்சியை விட்டு அழிக்க முடியாதா? சப்பாத்திக்கள்ளியை அப்படித்தானே அழித்தார்கள்?

சப்பாத்திக்கள்ளிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், நம் தாத்தா பாட்டி காலத்தில் நடந்தது. சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் பெரிய ஆசை. 1795-ல் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தார்கள். வந்தது தவறான இனம், சாயம் சரியாகத் தரவில்லை. ஆனால் ஒரு வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது. 1830-களில் தெற்கே கொண்டுவந்து விட்டபோது இங்கும் அதே பலன். இருந்தாலும் இன்னொரு வகைக் கள்ளியை அந்தப் பூச்சி தொடவில்லை; அது வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் மூடிக்கொண்டே போனது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் பெரும் பரப்பில் அந்தக் கள்ளி சரிந்து விழுந்தது. உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாட்டில் உலகமே பேசும் வெற்றி இது.

உண்ணிக்கும் முயன்றார்கள். 1921-ல் அதன் பழத்தைக் குடையும் ஈ வந்தது. 1941-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலைச்சாறு உறிஞ்சும் ஒரு பூச்சியை டேராடூனுக்குக் கொண்டுவந்தார்கள். தேக்கைத் தாக்குமோ என்ற பயத்தில் அழிக்கச் சொன்னார்கள், அதற்குள் அது வெளியே தப்பிப் பரவிவிட்டது. ஆனாலும் உண்ணி அடங்கவில்லை. கள்ளி ஒரே இனம், பூச்சிக்கு ஒரே சாப்பாடு. உண்ணி பல முகமுள்ள கலப்பினம். ஒரு ரகத்தைத் தாக்கும் பூச்சிக்கு அடுத்த ரகம் பிடிக்காது. கோடையில் இலை கொட்டியதும் பூச்சி பட்டினியில் குறைந்துவிடும், மழையில் செடி முந்திக்கொள்ளும். ஆகாயத்தாமரைக்கு 1980-களில் பெங்களூரில் விட்ட கூன்வண்டுகள் சில ஏரிகளில் நன்றாக வேலை செய்தன. உண்ணிக்கு இப்போதைக்குக் கடப்பாரைதான்.

எடுத்த உண்ணியை என்ன செய்யலாம்?

ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரையில், கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில், சோளகர் உள்ளிட்ட மக்கள் உண்ணித் தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலி, மேசை, கூடை செய்கிறார்கள். பெங்களூரில் உள்ள ஏட்ரீ ஆய்வு நிறுவனம் பயிற்சி கொடுத்து உதவியது. மூங்கிலும் பிரம்பும் குறைந்துபோன காலத்தில் அது அவர்களுக்கு ஒரு வருமானம். கூடலூர்ப் பழங்குடியினர் உண்ணித் தண்டில் நிஜ அளவு யானைகளைச் செய்ய, அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. நம் மாவட்டத்து மலைக் கிராமங்களிலும் இந்தக் கைவேலையைக் கற்றுக்கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பது என் விருப்பம். ஆனால் விற்பனைக்காக உண்ணியை வளர்க்க ஆரம்பித்துவிடக் கூடாது; எடுத்த இடத்தில் காடு திரும்புகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, பதிலாக என்ன வைப்பது?

வேலிக்கு விராலி, கிளுவை, நொச்சி, ஆடாதோடை, களா. இவற்றில் விராலி நம் குன்றுகளிலேயே வளர்வது, கத்தரித்தால் அடர்த்தியாக நிற்கும். மஞ்சள் பூ வேண்டுமென்றால் ஆவாரையும் சரக்கொன்றையும் இருக்க வேறெங்கும் போக வேண்டாம். சிவப்புக்கு வெட்சியும் புரசும். கொடிக்கு முல்லை. பெரிய இடம் இருந்தால் மந்தாரை, வேங்கை, மகிழம். நர்சரியில் இவை கிடைக்காவிட்டால் கேட்டுக்கொண்டே இருங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது முறை வைத்திருப்பார்கள்.

நம் செடிகள் வெளிநாட்டில் இப்படித் தொல்லை கொடுப்பதுண்டா?

உண்டு. நம் மாநில மலரான செங்காந்தள், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் தோட்டத்திலிருந்து தப்பிய களை. அங்கே அதைக் கிழங்கோடு தோண்டி எடுக்கத் தன்னார்வலர்கள் போகிறார்கள். அதே கொடி இங்கே வேலியோரத்தில் அளவாக நிற்கிறது. இங்கே அதைத் தின்னும் புழு உண்டு, போட்டிக்கு மற்ற கொடிகள் உண்டு, அங்கே இல்லை.

காட்டோரத்தில் இதுவரை பார்க்காத பூச்செடி ஒன்று தானாக முளைத்திருந்தால் யாரிடம் சொல்வது?

பூ, இலையின் முன்பக்கம் பின்பக்கம், காய், முழுச் செடி என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ரேஞ்ச் அலுவலகத்திலோ, அருகில் உள்ள கல்லூரித் தாவரவியல் துறையிலோ காட்டுங்கள். என்ன செடி என்று தெரியும்வரை பிடுங்க வேண்டாம்; அபூர்வமான நம் செடியாகவும் இருக்கலாம். தெரிந்தபின் தாமதிக்கவும் வேண்டாம். பத்துச் செடியாக இருக்கும்போது ஒரு மதியப் பொழுதில் இரண்டு பேர் எடுத்துவிடலாம்.